எண் ஒன்று, துப்பாக்கி இரண்டு

துப்பறியும் தொடர்கதை படிக்கிற வழக்கம் உங்களுக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் இல்லையம்மா, கோலமும் சமையல் குறிப்பும்தான் பார்ப்பேன்" என்று சொல்லுகிறவர்கள்கூட, பத்திரிகை கைக்கு வந்ததும் முதலில் புரட்டுவது எந்தப் பக்கத்தை என்பது ஆபீஸில் எங்களுக்குத் தெரியாத ரகசியம் அல்ல. அந்தக் கதைகளில் ஒரு காட்சி தவறாமல் வரும். கொலை நடந்த அறையில் கைத்துப்பாக்கி ஒன்று கிடக்கும். துப்பறிகிறவர் அதைக் கைக்குட்டையால் பதமாக எடுப்பார். பூதக்கண்ணாடியை வைத்து அதன்மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படிப்பார். அடுத்த வாரம், அந்த எண்ணைக் கொண்டே சொந்தக்காரர் வசமாக அகப்பட்டுக் கொள்வார்.

அந்தத் துப்பாக்கி மட்டும் பழைய ஜெர்மன் ராணுவத்துத் துப்பாக்கியாக இருந்துவிட்டால், அடுத்த வாரம் யாரும் அகப்பட மாட்டார்கள். அதற்கு அடுத்த வாரமும்தான்!

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அதற்குக் காரணம் எங்கள் ஆபீஸ் ஓவியர். "போன வாரத் தொடர்கதைப் படத்தில் கதாநாயகன் பிடித்திருந்தது துப்பாக்கியா, இட்லித் தட்டின் கைப்பிடியா?" என்று ஒரு வாசகி கார்டு போட்டுவிட்டார். ஓவியருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்ல படமாக ஏதாவது தேடிக் கொண்டு வா" என்று என்னை விரட்டினார். நூல்நிலையத்திலிருந்து கனமான ஒரு புத்தகத்தைச் சுமந்துகொண்டு வந்தேன். ஜெர்மன் கைத்துப்பாக்கிகளின் புகைப்படங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஓவியர் குழலின் வளைவையும் பிடியின் சாய்வையும் பார்த்துக் கொண்டிருந்தார். என் கண் எண்களில் போயிற்று. ஒரு துப்பாக்கியில் நாலு இலக்க எண். அதன் கீழே சின்னதாக ஓர் எழுத்து. எதிர்ப் பக்கத்துத் துப்பாக்கியிலும் அச்சாக அதே எண், அதே எழுத்து.

"அச்சுப் பிழை" என்றார் ஓவியர். எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் முதல் சமாதானம் அதுதான்.

அச்சுப் பிழை இல்லை. துப்பாக்கி எனக்குப் பிடித்தமான வஸ்துவும் அல்ல. தீபாவளிக்குப் பொட்டு வெடிக்கிற துப்பாக்கியோடு என் வீரம் தீர்ந்துவிட்டது. ஆனால் ஒரே எண் எப்படி இரண்டு துப்பாக்கிக்கு வரும் என்கிற கேள்வி, பல்லில் சிக்கிய பாக்குத் தூள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அதை எடுக்கப் போய், நான் நினைத்தே பார்க்காத இடத்துக்கெல்லாம் போக வேண்டியதாயிற்று. உங்களையும் அழைத்துக்கொண்டு போகிறேன். வெடிச் சத்தம் இருக்காது, பயப்படாதீர்கள்.

புத்தகத்தில் இருந்தவை 'லூகர்' என்று பெயர் பெற்ற துப்பாக்கிகள். ஜார்ஜ் லூகர் என்பவர் ஆஸ்திரியாக்காரர். ஹுகோ போர்ச்சார்ட் என்பவர் 1893-ல் செய்திருந்த ஒரு பெரிய, அசௌகரியமான துப்பாக்கியைச் சீர்ப்படுத்தி, கைக்கு அடக்கமாக ஆக்கியவர். 1900-ல் சுவிட்சர்லாந்து ராணுவம் அதை எடுத்துக் கொண்டது. 1904-ல் ஜெர்மன் கடற்படை. 1908-ல் ஜெர்மன் தரைப்படை. அந்த வருஷத்தை வைத்தே அதற்கு 'பி 08' என்று பெயர். பெர்லினில் டி.டபிள்யூ.எம். என்ற கம்பெனி செய்தது. பிறகு எர்ஃபுர்ட் நகரத்தில் இருந்த அரசாங்க ஆயுதசாலையும் செய்ய ஆரம்பித்தது.

இப்போது எண்ணுக்கு வருவோம். நாம் என்ன நினைத்துக் கொள்கிறோம்? முதல் துப்பாக்கிக்கு 1, பத்தாவதுக்கு 10, லட்சமாவதுக்கு லட்சம் என்று ஒரே நேர்க்கோடாகப் போகும் என்று. ஜெர்மன் ராணுவத்தின் கணக்கு அப்படி இல்லை. எண் ஒன்றில் தொடங்கிப் பத்தாயிரம் வரை போகும். அதோடு நின்றுவிடும். மறுபடி ஒன்று; ஆனால் இந்தத் தடவை எண்ணுக்குக் கீழே சிறிய 'ஏ'. பத்தாயிரம் ஆனதும் 'பி'. பிறகு 'சி'. இப்படி எழுத்து எழுத்தாக ஏறிக்கொண்டே போகும். டிசம்பர் முடிந்து புது வருஷம் பிறந்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, எழுத்தில்லாத ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பம்!

ஆகவே 1916-ல் ஒரு '4321 பி' இருக்கும். 1917-ல் இன்னொரு '4321 பி' இருக்கும். போதாக்குறைக்கு, பெர்லின் கம்பெனிக்குத் தனி வரிசை, எர்ஃபுர்ட்டுக்குத் தனி வரிசை. ஒரே வருஷத்திலேயே இரண்டு ஊரிலும் ஒவ்வொரு '4321 பி' பிறந்திருக்கும்.

எண்ணை மட்டும் சொன்னால் ஆள் அகப்படாது. செய்த இடம், செய்த வருஷம், எண், எழுத்து ஆகிய நாலும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கி. நமக்கு இது புரியாத விஷயமே அல்ல. "பாட்டி விகாரி வருஷத்தில் பிறந்தவள்" என்று வீட்டில் சொன்னால், எந்த விகாரி என்று கேட்க மாட்டோமா? 1899-ல் ஒரு விகாரி, 1959-ல் ஒரு விகாரி, 2019-ல் ஒரு விகாரி. பெயர் ஒன்று, நடுவில் அறுபது அறுபது வருஷம் ஓடியிருக்கிறது. பாட்டியைப் பார்த்தால் எந்த விகாரி என்பது தெரிந்துவிடும். துப்பாக்கியின் நெற்றியில் வெட்டியிருக்கும் வருஷத்தைப் பார்த்தால் எந்த '4321 பி' என்பது தெரிந்துவிடும். ஓவியர் பார்த்த இரண்டு துப்பாக்கியும் வெவ்வேறு வருஷத்துப் பிள்ளைகள்.

இவ்வளவு சுற்று எதற்கு? எத்தனை துப்பாக்கி செய்தார்கள் என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக என்று சிலர் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் அந்த எண்ணம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சின்ன இரும்புத் துண்டில் ஆறு ஏழு இலக்கம் வெட்டுவதைவிட நாலு இலக்கமும் ஓர் எழுத்தும் வெட்டுவது சுலபம். அவ்வளவுதான் சங்கதி என்று நினைக்கிறேன். ரகசியம் காப்பது பிற்பாடு வந்து சேர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எண் ஓர் இடத்தில் மட்டும் இல்லை. முழு எண்ணும் உடம்பில் இருக்கும். விசை, பக்கத் தகடு, சின்னச் சின்ன இணைப்புகள் எல்லாவற்றிலும் அதன் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். '4321' என்றால் அதன் குட்டி உறுப்புகள் எல்லாம் '21'. அந்தக் காலத்தில் இந்த உறுப்புகளைக் கையால் அரம் போட்டு, ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி இழைத்துக் கொடுத்தார்கள். ஒன்றின் விசை இன்னொன்றுக்குச் சரியாகச் சேராது. சிப்பாய்கள் பத்துப் பேர் ஒரே மேஜையில் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்தால் உறுப்புகள் கலந்து போகும் அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

எங்கள் பாட்டி வீட்டில் பித்தளை அடுக்கு ஒன்று இருந்தது. தட்டுக்குத் தட்டு விளிம்பில் உளியால் புள்ளி குத்தியிருக்கும். அடியில் ஒரு புள்ளி, அதன்மேல் இரண்டு புள்ளி. புள்ளியை மாற்றி அடுக்கினால் கம்பி பூட்டாது. எர்ஃபுர்ட் கொல்லனும் எங்கள் ஊர்க் கன்னாரும் ஒரே யோசனைக்காரர்கள் என்று நினைத்துக் கொண்டேன்.

தோட்டா அடைக்கும் கூட்டிலும் எண் உண்டு. ஒரு துப்பாக்கிக்கு இரண்டு கூடு கொடுப்பார்கள். ராணுவத்தில் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியின் எண்ணையே வெட்டி, இரண்டாவது கூட்டுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போடுவார்கள். போலீஸில் 1, 2 என்று போட்ட கூடுகள் அகப்படுகின்றன. நூறு வருஷம் கழித்தும் துப்பாக்கியும், அதன் உறுப்புகளும், கூட்டல் குறி போட்ட கூடும் பிரியாமல் ஒன்றாகக் கிடைத்தால், பழம்பொருள் சேர்க்கிறவர்கள் கொண்டாடுவார்கள். விலை எங்கேயோ போய்விடும். விலை ஏறுகிற இடத்தில் வேறு என்ன நடக்கும்? பழைய எண்ணை அரத்தால் ராவிவிட்டுப் புதிதாக வெட்டி, 'ஒரே குடும்பம்' என்று விற்கிற கைகாரர்களும் இருக்கிறார்கள்.

மௌஸர் கம்பெனியின் வேறொரு மாதிரியில் இதைவிட வேடிக்கையான எண் ஒன்று உண்டு. முதல் உலக யுத்தத்தில், 1916-ல், ராணுவம் அந்தக் கம்பெனியிடம் ஒன்றரை லட்சம் துப்பாக்கி கேட்டது. அந்த மாதிரி ஏற்கெனவே சிறிய தோட்டாவுக்குப் பழகியது. இப்போது ராணுவத்தின் 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்ய வேண்டியிருந்தது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தோட்டாவை மாற்றிப் போட்டுவிட்டால் ஆபத்து. ஆகவே மரப் பிடியில் பெரிதாக '9' என்று செதுக்கிச் சிவப்புச் சாயம் பூசினார்கள். வரிசையும் இல்லை, வருஷமும் இல்லை. 'கவனி' என்று மட்டும் சொல்லுகிற எண். எனக்கு எல்லா எண்களிலும் பிடித்தது இதுதான்.

1918-ல் யுத்தம் தோல்வியில் முடிந்தது. 1919 ஜூனில் வெர்சேல்ஸ் உடன்படிக்கை. ஜெர்மனியின் படை ஒரு லட்சம் பேருக்கு மேல் போகக் கூடாது, ஆயுதங்களை நேச நாடுகள் ஒப்புக்கொண்ட தொழிற்சாலைகள் மட்டுமே செய்யலாம் என்று கட்டுத்திட்டம். ஊருக்குத் திரும்பிய சிப்பாய்கள் பலர் துப்பாக்கியையும் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். தெருவில் கலகம். 1920-ல் ஜனங்களிடம் இருக்கும் ஆயுதங்களைத் திரும்ப வாங்கச் சட்டம் வந்தது. அப்போது எது சர்க்காருடையது, எது பதுக்கியது என்று எப்படிப் பிரிப்பது? சர்க்கார் தன் கையில் இருந்த துப்பாக்கிகளில் '1920' என்று ஒரு முத்திரை அடித்துவிட்டது.

அதனால்தான் சில துப்பாக்கிகளின் நெற்றியில் இரண்டு வருஷம் இருக்கிறது. கீழே 1917, மேலே 1920. முதலாவது பிறந்த வருஷம். இரண்டாவது சர்க்கார் சுவீகாரம் எடுத்த வருஷம் என்று வைத்துக் கொள்ளுங்கள். இது தெரியாதவர்கள், 'ஒரே துப்பாக்கியை இரண்டு தடவை செய்தார்களா?' என்று தலையைப் பிய்த்துக் கொள்வார்கள்.

இந்த முத்திரை போட்டவற்றில் ஏராளம் போலீஸுக்குப் போயிற்று. போலீஸ் துப்பாக்கியின் கதை, நாலு வீடு மாறிய பாத்திரத்தின் கதை. ராணுவத்தில் பெற்ற எண் ஒன்று. போலீஸில் எந்த ஊர், எந்தப் பிரிவு, அங்கே எத்தனையாவது ஆயுதம் என்று பிடியின் முன்பக்கத்தில் வெட்டிய எண் இன்னொன்று. பிரிவு மாறினால் பழையதை அடித்துவிட்டுப் புதியது. பழுது பார்க்கும்போது உறுப்பு மாறினால் அதற்கும் எண். இந்த மாதிரியில் வேறொரு சங்கடமும் இருந்தது: குழலைப் பிடியிலிருந்து கழற்றின பிறகும், உள்ளே தோட்டா இருந்தால் வெடித்துவிடக் கூடும். 1930-களில் போலீஸ் துப்பாக்கிகளுக்கு அதைத் தடுக்க ஒரு சின்னத் தகடு பொருத்தினார்கள். ஆகவே பக்கவாட்டில் அந்தத் தகட்டைப் பார்த்தால், எண் என்ன சொன்னாலும், இது பீட் சுற்றிய போலீஸ் துப்பாக்கி என்று ஊகிக்கலாம்.

சரி, பழைய துப்பாக்கி போதவில்லை, புதிது வேண்டும். அதைச் செய்ய எந்தக் கம்பெனிக்கு அனுமதி? இங்கேதான், நேயர்களே, இந்தக் கதையில் முதன்முதலாக ஒரு குடும்பம் வருகிறது.

துரிங்கியா என்ற மலைப் பிரதேசத்தில் ஸூல் என்று ஒரு சின்ன ஊர். பரம்பரை பரம்பரையாகத் துப்பாக்கி செய்கிற ஊர். லோப், மோஸஸ் என்ற இரண்டு சகோதரர்கள் 1856-ல் அங்கே 'ஸிம்ஸன்' கம்பெனியைத் தொடங்கினார்கள். யூதர்கள். துப்பாக்கி, பிறகு சைக்கிள், பிறகு மோட்டார் கார் என்று தொழில் வளர்ந்து, ஊரிலேயே பெரிய முதலாளிகள் ஆனார்கள். யுத்தத்துக்குப் பிறகு, ராணுவத்துக்கு லூகர் துப்பாக்கி செய்யும் அனுமதி இந்தக் கம்பெனிக்குத்தான் கிடைத்தது. 1925, 1926 என்று வருஷம் போட்டு, 'ஸிம்ஸன், ஸூல்' என்று பெயர் வெட்டிய துப்பாக்கிகள் இன்றைக்கும் இருக்கின்றன. தேசத்தின் சட்டபூர்வமான ராணுவத்துக்கு, சட்டபூர்வமாக ஆயுதம் செய்து கொடுத்த குடும்பம்.

1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். துரிங்கியாவில் அவருடைய கட்சித் தலைவர் ஃபிரிட்ஸ் ஸாக்கல். 'ராணுவத்துக்கு விற்றதில் அக்கிரம லாபம் அடித்தார்கள்' என்று ஸிம்ஸன் குடும்பத்தின் மேல் குற்றம் சாட்டினார்கள். 1935-ல் தொழிற்சாலை அவர்கள் கையை விட்டுப் போயிற்று. 1936-ல் குடும்பம் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி, அங்கிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அதே 1936 பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தில் நாஜிக் கட்சியை நடத்திவந்த வில்ஹெல்ம் குஸ்ட்லாஃப் என்பவரை ஒரு யூத மாணவன் சுட்டுக் கொன்றான். ஸிம்ஸன்களிடமிருந்து பறித்த தொழிற்சாலையை ஒரு அறக்கட்டளையாக ஆக்கி, அதற்கு அந்தக் குஸ்ட்லாஃபின் பெயரை வைத்தார் ஸாக்கல். 'அறக்கட்டளை' என்று நான் எழுதவில்லை. அவர்கள் வைத்த பெயர்.

துப்பாக்கி செய்கிற வேலை இதற்குள் வேறு கைக்கு மாறியிருந்தது. 1930-லேயே லூகர் யந்திரங்கள் பெர்லினிலிருந்து ஓபர்ன்டார்ஃப் என்ற ஊருக்கு, மௌஸர் கம்பெனிக்கு, போயிருந்தன. உடன்படிக்கையை மீறி ராணுவத்தைப் பெருக்க வேண்டும். அது வெளியே தெரியவும் கூடாது. ஆகவே 1934-ல் மௌஸர் துப்பாக்கிகளில் கம்பெனியின் பெயர் மறைந்து, 'எஸ்/42' என்ற குறி வந்தது. நெற்றியில் வருஷத்துக்குப் பதிலாக ஓர் எழுத்து: 'கே' என்றால் 1934, 'ஜி' என்றால் 1935. 1935 மார்ச்சில் ஹிட்லர் உடன்படிக்கையைப் பகிரங்கமாகவே உதறிவிட்டுக் கட்டாய ராணுவ சேவையைக் கொண்டு வந்தார். இனி யாரிடம் ஒளிக்க வேண்டும்? 1936 முதல் துப்பாக்கியில் வருஷம் நாலு இலக்கமாகத் தைரியமாகத் திரும்பி வந்துவிட்டது. ஓர் உடன்படிக்கை எப்போது செத்தது என்பதை, சரித்திரப் புத்தகத்தைத் திறக்காமலே, ஒரு விரற்கடை அகலமுள்ள இரும்பில் பார்த்துக் கொள்ளலாம்.

இரண்டாவது யுத்தத்தில் லூகருக்குப் பதிலாக வால்தர் கம்பெனியின் 'பி 38' வந்தது. முதலில் செய்த சுமார் 13,000 துப்பாக்கிகளுக்கு எண்ணின் முன்னால் ஒரு பூஜ்யம். பின்னால் வருகிற பூஜ்யத்துக்குத்தான் மதிப்பு என்று நம் கணக்கு வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இங்கே முன்னால் வந்த பூஜ்யத்துக்கு மதிப்போ மதிப்பு! கம்பெனிப் பெயர்கள் எல்லாம் எழுத்துக் குறிகளாயின. வால்தருக்கு 'ஏ.சி.', மௌஸருக்கு 'பி.ஒய்.எஃப்.'; ஸ்பிரீவெர்க் என்ற தொழிற்சாலைக்கு 'சி.ஒய்.க்யூ.' மற்ற இரண்டும் வருஷம் போட்டன. மூன்றாவது வருஷமே போடாமல், எழுத்துக்கு எழுத்து ஒரே ஓட்டமாக ஓடியது. ஒரே துப்பாக்கி, மூன்று வீட்டு வழக்கம்.

இவ்வளவு மூடி மறைத்தும் ரகசியம் நின்றதா என்றால், துப்பாக்கியில் எப்படியோ, டாங்கியில் நிற்கவில்லை. ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கி செய்கிறது என்று நேச நாடுகள் தவித்துக் கொண்டிருந்தன. ஒற்றர்கள் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று பயங்கரமான கணக்குச் சொன்னார்கள். லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தைச் சேர்ந்த பொருளாதார யுத்தப் பிரிவில் சில நிபுணர்கள் உட்கார்ந்துகொண்டு, பிடிபட்ட டாங்கிகளில் உள்ள எண்களைக் குறித்துக் கொண்டார்கள். முக்கியமாக கியர் பெட்டிகளின் எண்கள். அவை இடைவெளி இல்லாமல் ஓடிக் கொண்டிருந்தன.

அவர்கள் செய்த கணக்கை நீங்களும் செய்யலாம். கோயிலில் அன்னதானத்துக்கு ஒன்றிலிருந்து வரிசையாக டோக்கன் கொடுக்கிறார்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். வெளியே வருகிற நாலு பேரிடம் டோக்கனைப் பார்க்கிறீர்கள்: 14, 30, 41, 60. குறைந்தது 60 பேர் என்பது நிச்சயம். ஆனால் கடைசி டோக்கனே உங்கள் கண்ணில் பட்டிருக்கும் என்று என்ன உறுதி? பெரிய எண்ணை, பார்த்த டோக்கன்களின் எண்ணிக்கையால் வகுத்தால் 15. அதை 60-உடன் கூட்டி ஒன்றைக் கழித்தால் 74. ஏறக்குறைய 74 பேருக்குச் சாப்பாடு என்று சொன்னால் பெரும்பாலும் ரொம்பத் தப்பாக இராது.

1942 ஆகஸ்டில் ஜெர்மனி செய்த டாங்கிகள் 1,550 என்றது ஒற்றர் கணக்கு. எண்ணை வைத்துப் போட்ட கணக்கு 327. யுத்தம் முடிந்து ஜெர்மன் ஏடுகளைப் புரட்டியபோது அசல் எண்ணிக்கை 342 என்று தெரிந்தது! 1947-ல் இந்த விவரங்களை வெளியிட்டார்கள். வருஷந்தோறும் துடைத்துத் துடைத்து ஆரம்பிக்கிற துப்பாக்கி எண்ணில் இந்தக் கணக்கு இவ்வளவு சுலபமாக ஓடியிருக்காது. கியர் பெட்டிக்கு எண் போட்டவர், பாவம், ஒழுங்கான மனிதர். ஒழுங்குதான் காட்டிக் கொடுத்தது.

ஓவியருக்கு இந்த டாங்கிக் கதையைச் சொன்னபோது அவர் வெகுவாக ரசித்தார். "இதோடு நிறுத்திக் கட்டுரையை முடித்துவிடு" என்றார். நல்ல இடம்தான். ஆனால் ஸிம்ஸன்களின் தொழிற்சாலை என்ன ஆயிற்று என்று பாதியில் விட்டு வந்தது எனக்கு மனசுக்குச் சரியாக இல்லை.

ஸூலுக்கு வடகிழக்கே, வெய்மார் நகரத்தை ஒட்டி எட்டர்ஸ்பெர்க் என்ற குன்று இருக்கிறது. 1937 ஜூலையில் அந்தக் குன்றின்மேல் புக்கன்வால்ட் என்ற சித்திரவதை முகாமைத் திறந்தார்கள். குஸ்ட்லாஃபின் பெயரைச் சூட்டிக் கொண்ட அந்த ஆயுதக் கம்பெனி, 1943-ல் முகாமின் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையை நடத்தத் தொடங்கியது. அங்கே துப்பாக்கி உறுப்புகளைச் செய்தவர்கள் முகாமின் கைதிகள். 1944 ஆகஸ்ட் 24-ந் தேதி அமெரிக்க விமானங்கள் அந்தத் தொழிற்சாலையைக் குண்டு வீசி அழித்தன. அதில் கைதிகளும் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள்.

கைதிகளுக்கும் எண் உண்டு. துணியில் அச்சடித்து, சட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எண்தான். அந்த முகாமின் எண்களைப் பற்றிப் படித்துக் கொண்டு வந்தபோது ஒரு வரியில் அப்படியே நின்றுவிட்டேன். புக்கன்வால்டில், ஒரு கைதி செத்துப் போனாலோ, விடுதலையாகிப் போனாலோ, அவனுடைய எண்ணை அடுத்து வருகிறவனுக்குக் கொடுத்து வந்தார்கள். எண் தொடர்ந்து இருந்தது. மனிதன் மாறிக் கொண்டிருந்தான். ஒரே எண்ணை ஒருவர் பின் ஒருவராகப் பல பேர் சுமந்திருக்கிறார்கள்.

துப்பாக்கிக்கு விசையில் எண், தகட்டில் எண், இரண்டாவது கூட்டுக்குத் தனியாக ஒரு கூட்டல் குறி. ஒன்றின் உறுப்பு இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவலை.

முகாமை 1945 ஏப்ரல் 11-ல் விடுவித்தார்கள். ஐரோப்பா முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கான பேரை ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு இழுத்து வந்த குற்றத்துக்காக ஸாக்கல் நூரம்பெர்க்கில் விசாரிக்கப்பட்டு, 1946 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். ஸூல் கிழக்கு ஜெர்மனியின் பங்கில் விழுந்தது. தொழிற்சாலையில் மொபெட் செய்தார்கள். 'ஸிம்ஸன்' என்ற பழைய பெயரை எடுத்து அதற்கு வைத்தார்கள். 1964-ல் வந்த ஒரு மாதிரிக்குச் 'சுவால்பே' என்று பெயர். தகைவிலான் குருவி என்று அர்த்தம். அந்த ஊர்ப் பெண்கள் காய்கறிக் கூடையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிற வண்டி. இன்றும் ஜெர்மனியில் அதற்குப் பைத்தியமாக அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜெர்மனியில் பாட் ஆரோல்ஸன் என்ற ஊரில் ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. நாஜிக்களின் கையில் அகப்பட்டவர்கள், அவர்களிடமிருந்து தப்பிப் பிழைத்தவர்கள் என்று சுமார் 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றிய பத்திரங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தாத்தா என்ன ஆனார், தாத்தாவின் தம்பி என்ன ஆனார் என்று பேரன் பேத்திகள் இன்னமும் கடிதம் எழுதிக் கேட்கிறார்கள். சில வீடுகளில் பெயர் எழுதிய காகிதம் ஒன்றும் மிஞ்சியிராது. சட்டையில் தைத்திருந்த எண் துணி மட்டும் இருக்கும். புக்கன்வால்ட் எண் என்றால், தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த எண் எந்த வருஷத்தில் என்பதுதான்.